உப்பளத்து ஓரம் தோண்டின குழி: குமரி கடலோரத்துல சுனாமி மணல் தேடின ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்துல மணக்குடி காயலுக்கு கிழக்கால இருக்கற ஒரு கடலோர ஊர்ல நடந்தது இது. ஊர் பேரு, ஆளுங்க பேரு எதையும் எழுதல, அங்க இழப்பு இல்லாத வீடு கம்மி. நிலவியல் படிக்கற முதுகலை பசங்க நாலு பேரு, ரெண்டு பொண்ணு ரெண்டு பையன், அவங்களுக்கு கைடா ஒரு சார், கூட நான். நான் ஸ்கூல்ல ஜியாகிரபி எடுக்கறவன், அந்த ஊர்ல நாலு பேரைத் தெரியும்னு கூட்டிட்டுப் போனாங்க. பசங்கள்ல ஒருத்தன் பக்கத்து கடலோர ஊர்க்காரன், கதையில அவன் கொஞ்சம் முக்கியம்.

ப்ராஜெக்ட்ல ரெண்டு கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு தண்ணி அந்த ஊருக்குள்ள எது வரைக்கும், எவ்வளவு உயரத்துக்கு வந்துச்சு? அந்த தண்ணி கொண்டு வந்து போட்ட மணல் இன்னும் தரைக்குள்ள இருக்கா, அதுக்குக் கீழ வேற பழைய சுனாமியோட தடம் ஏதாவது தெரியுதா?

சுமத்ரா பக்கம் நடந்த நிலநடுக்கத்துக்கு குமரியில குழி தோண்டி என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீங்கன்னு ஊர்ல முதல் நாளே கேட்டாங்க. நியாயமான கேள்விதான். கருவி வச்சு நிலநடுக்கத்தை அளக்க ஆரம்பிச்சே நூத்திச் சொச்சம் வருஷம்தான் ஆகுது, ஆனா 9 அளவுல வர்றதெல்லாம் ஒரே இடத்துல பல நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற சமாச்சாரம், அதனால கருவி இல்லாத காலத்துல என்ன நடந்துச்சுன்னு மண்ணுலதான் தேடணும். தாய்லாந்துல ஃப்ரா தோங்னு ஒரு தீவு, அங்க மணல்மேடுகளுக்கு நடுவுல இருக்கற சதுப்புப் பள்ளத்துல தோண்டினப்போ 2004 மணலுக்குக் கீழ அதே மாதிரி பழைய மணல் அடுக்குகள் கிடைச்சுது, அதுல 2004க்கு முந்தினது ஏறக்குறைய 550ல இருந்து 700 வருஷத்துக்கு முன்னாடி விழுந்தது. அதாவது 2004ல வந்தது அந்தக் கடலுக்குப் புதுசு இல்ல, நாமதான் மறந்துட்டோம்.

தூரத்து கரையும் உதவும். அமெரிக்காவோட மேற்குக் கரையில 1700 ஜனவரி 26 ராத்திரி ஒரு ராட்சச நிலநடுக்கம் வந்ததுன்னு இன்னைக்கு தேதியோட சொல்றாங்கன்னா, அதுக்குக் காரணம் பசிபிக்குக்கு அந்தப் பக்கம் ஜப்பான்ல எழுதி வச்ச குறிப்புதான். ஆட்டமே தெரியாம திடீர்னு கடல் ஏறிச்சுன்னு அவங்க எழுதி வச்சிருந்தாங்க. அமெரிக்கக் கரையில உப்புத்தண்ணியில செத்து நின்ன மரங்களோட வளையத்தைப் பார்த்தா அந்த மரங்களும் அதே குளிர்காலத்தை ஒட்டித்தான் செத்திருக்கு. குமரிக் கரையும் சுமத்ராவுக்கு அப்படி ஒரு தூரத்து சாட்சி, ஏறக்குறைய 2000 கிலோமீட்டர்.

2004 பத்தி ஊர்ல சொன்னது

குழி தோண்டறதுக்கு முன்னாடி பங்குத்தந்தையைப் பார்த்து அனுமதி கேட்டோம். அவர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார், யாரு செத்தாங்கன்னு கேக்கக்கூடாது, அவங்களா சொன்னா கேட்டுக்கோங்க. சாரும் அதையே ரூலா வச்சுட்டாரு. தண்ணி எங்க வந்துச்சு, எத்தனை தடவை வந்துச்சு, முதல்ல கடல் உள்வாங்கிச்சா ஏறிச்சா, அவ்வளவுதான் கேள்வி. ஒருத்தர் பேசிட்டிருக்கும்போதே நிறுத்திட்டா நோட்டை மூடிரணும்.

ஊர்ல ஒரு பாட்டா கேட்டது பசங்களுக்கு நல்ல பாடம். "இங்க தரை ஒண்ணும் ஆடலியே மக்கா, பொறவு எப்பிடி வெள்ளம் வந்து?" இதுக்கு பசங்க சொன்ன பதிலை இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

சுமத்ராவுல இருந்து நிக்கோபார் வழியா அந்தமான் வரைக்கும் கடலுக்கடியில ஒரு பள்ளம் போகுது, அங்க இந்தியத் தட்டு (பூமியோட மேல் ஓட்டுல ஒரு பெரிய துண்டு) கிழக்குப் பக்கத்துத் தட்டுக்கு அடியில போய்ட்டே இருக்கு. போற இடத்துல ரெண்டும் கவ்விப்பிடிச்சுக்கிட்டா மேல இருக்கற தட்டோட விளிம்பு வருஷா வருஷம் கீழ இழுபட்டு வளையும். கவ்வல் விடும்போது விளிம்பு துள்ளி எழும்பும், மேல நிக்கற கடல் மொத்தமும் சேர்ந்து எழும்பும், அதுதான் சுனாமி. அன்னிக்கு நம்ம நேரத்துக்கு காலையில 6:29 வாக்குல ஆரம்பிச்ச உடைப்பு ஏறக்குறைய 1300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடிச்சு, ஓடி முடிக்கவே எட்டு பத்து நிமிஷம் ஆச்சு. இவ்வளவு நேரம் ஓடினதாலதான் முதல்ல அளவும் தப்பாச்சு. பசிபிக் எச்சரிக்கை மையத்துல முதல் கணக்கு 8.0, ஒரு மணி நேரம் கழிச்சு 8.5, அப்புறம் மணிக்கணக்கா ஆன பிறகுதான் 9ன்னு வந்துச்சு. வேகமா ஆடற சின்ன அலையை மட்டும் பார்த்தா 8க்கும் 9க்கும் பெருசா வித்தியாசம் தெரியாது, ரொம்ப மெதுவா ஆடற நீள அலையைப் பார்த்தாத்தான் முழு உருவம் தெரியும். கனமோரி மாதிரி நிலநடுக்க ஆய்வாளருங்க இதுக்காகவே முறை கண்டுபிடிச்சிருக்காங்க, இப்போ பெரிய நிலநடுக்கத்தோட அளவு சில நிமிஷம் பத்து நிமிஷத்துலயே ஓரளவு சரியா வந்துருது. ஹைதராபாத்ல இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துல 2007 அக்டோபர்ல இருந்து நமக்குன்னே எச்சரிக்கை மையம் ஓடுது.

அலையோட வேகத்துக்கு ஆழம்தான் கணக்கு. 4000 மீட்டர் ஆழத்துல மணிக்கு 700 கிலோமீட்டர், கரைக்கிட்ட 10 மீட்டர் ஆழத்துல 36 கிலோமீட்டர். முன்னாடி போறது மெதுவாக, பின்னாடி வர்றது இன்னும் வேகமா வந்து சேர சேர உயரம் ஏறும். நடுக்கடல்ல அது ஒண்ணுமே இல்ல, நிலநடுக்கம் நடந்து ரெண்டு மணி நேரத்துல தற்செயலா மேல போன ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தப்போ அறுபது சென்டிமீட்டர் வாக்குலதான் இருந்துச்சு. அந்த நேரத்துல கடல்ல நின்ன வள்ளக்காரங்களுக்குத் தெரியாமப் போனதும் இதனாலதான்.

இலங்கை மறைக்குதே, அப்புறம் எப்படி அரபிக்கடல் பக்கம் கொளச்சலையும் அடிச்சுதுன்னு இன்னொருத்தர் கேட்டார். அலை எதையும் நேரா மட்டும் தாண்டாது, முனையைச் சுத்தி வளையும், ஆழம் குறைஞ்ச பக்கம் மெதுவாகறதால அந்தப் பக்கமாத் திரும்பும். கொட்டில்பாடு, கொளச்சல் பக்கம் ஓடினவங்களுக்கு ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் குறுக்க வந்ததும், மணக்குடி பாலத்தோட தளத்தையே தண்ணி தூக்கிட்டுப் போனதும் ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது. மாவட்டத்துல ஏறக்குறைய 800 பேர் போனாங்க. அன்னிக்கு கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, தொழிலுக்குப் போகாம பெரும்பாலும் எல்லாரும் கரையில இருந்த நாள்.

2012 ஏப்ரல் 11 பத்தியும் பேச்சு வந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் சுமத்ராவுக்கு மேற்கால 8.6, சாயங்காலம் 8.2. எச்சரிக்கை வந்து எல்லாரும் மேட்டுக்கு ஓடினாங்க, ஒண்ணும் வரல. "ஓடிட்டு வந்தா கேலி பண்ணினாவ"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அந்த நிலநடுக்கத்துல தட்டு மேல துள்ளல, பக்கவாட்டுல உரசி நகர்ந்துச்சு, அதனால தண்ணி பெருசா எழும்பல. அந்த வகையில இதுவரைக்கும் அளந்ததுலயே பெருசு அதுதான். ஆனா முதல் சில நிமிஷத்துல எந்த வகைன்னு உறுதியாத் தெரியாது, அதனால எச்சரிக்கை குடுத்தது சரிதான்னு சார் பொறுமையா விளக்கினாரு. அந்த அக்கா தலையாட்டினாங்க, எவ்வளவு ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியல.

தண்ணி நின்ன உயரம்

உயரத்துல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒரே வீட்டுல பாட்டி ஜன்னல் வரைக்கும்னாங்க, மகன் கூரைக்கு மேலன்னாரு. விசாரிச்சா மகன் அன்னிக்கு வளைகுடாவுல வேலையில இருந்திருக்காரு, டிவியில பார்த்ததும் கேட்டதும் சேர்ந்து அவர் மனசுல அப்படி நின்னுபோச்சு. பாட்டி அந்த வீட்டுல இருந்தவங்க. ஆனாலும் பாட்டி சொன்னதை மட்டும் வச்சு எழுதிரக்கூடாதுன்னு முடிவு பண்ணி தடம் தேடினோம். வீட்டை பலமுறை வெள்ளையடிச்சாச்சு, சுவத்துல ஒண்ணும் இல்ல. பின்னாடி ஸ்டோர் ரூம்ல ஒரு பழைய மரக்கதவு, பெயின்ட் பார்க்காதது, அதோட உள்பக்கம் பட்டையா ஒரு கறை, அதுக்குக் கீழ கீல் எல்லாம் துரு தின்னு கெடக்கு, மேல் கீல் மட்டும் நல்லா இருக்கு. பாட்டி சொன்ன ஜன்னல் மட்டமும் அந்தக் கறையும் அரைச்சாண் வித்தியாசத்துல ஒத்துப்போச்சு.

தரையில இருந்து கறை வரைக்கும் அளந்தா அது அந்த இடத்துல ஓடின தண்ணியோட ஆழம் மட்டும்தான். கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு உயரம்னு தெரிய வேற வேலை வேணும். சர்வே கருவி கிடைக்கல. ஊர்ல ஒரு கொத்தனார் அண்ணன் மட்டம் பாக்கற டியூப்பைக் கொண்டு வந்தாரு, கண்ணாடி மாதிரி ட்யூப்ல தண்ணி ஊத்தி ரெண்டு முனையிலயும் மட்டம் பிடிச்சு, வீட்டுல இருந்து கடல் வரைக்கும் கம்பு கம்பா நட்டு உயரத்தைக் கடத்திட்டு வந்தாங்க. பசங்களுக்கு பொறுமையே இல்ல, அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும் ட்யூப்ல காத்துக்குமிழ் இருக்கான்னு தட்டிப் பார்த்து, இருந்தா திரும்ப ஊத்தச் சொன்னாரு. அப்புறம் ஓதம், அதாவது கடல் ஏத்த இறக்கத்துக்கான திருத்தம். நாங்க அளந்த நேரத்துல இருந்த கடல் மட்டமும் 2004ல அலை வந்த நேரத்து மட்டமும் ஒண்ணா இருக்காது, அன்னிக்கு பௌர்ணமி வேற. நம்ம கரையில ஏத்த இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்ளதான், ஆனாலும் ஓத அட்டவணையைப் பார்த்துக் கழிச்சுத்தான் எழுதணும்.

குழிகள்

முதல் குழி கடலுக்குப் பக்கத்து தென்னந்தோப்புல. தோப்புக்காரர் தாராளமா விட்டாரு, ஆனா அங்க ஒண்ணும் இல்ல. தென்னை அடியைக் கொத்திக் கொத்தி உரம் வச்சதுல மேல் மண்ணு மொத்தமும் கலந்து கெடந்துச்சு, மிச்சத்தை நண்டு கலக்கிருச்சு.

ரெண்டாவது இடத்தை சார் தேர்ந்தெடுத்தாரு. கைவிட்ட உப்பளத்தோட ஓரம், தாழ்வா, வருஷத்துல பாதி நாள் தண்ணி தேங்கி சேறு படியற இடம், யாரும் மம்பட்டி வைக்காத இடம். ஒரு முழத்துக்குள்ளயே கிடைச்சுது. மேல கருஞ்சேறு, நடுவுல நாலு விரல் கனத்துக்கு வெளிர் மணல், கீழ திரும்ப சேறு. மணலோட அடிப்பக்கம் கத்தியால வெட்டின மாதிரி சுத்தமா இருந்துச்சு, சேத்துக்கும் மணலுக்கும் நடுவுல கோரைப்புல்லு அப்படியே படுத்துக் கெடந்துச்சு, எல்லாம் வடக்குப் பக்கமா, அதாவது நிலத்தைப் பார்த்து. அடியில பருமணல், மேல போகப்போக நைஸ். லென்ஸ்ல பார்த்தா உடைஞ்ச சிப்பித் துண்டு. இதெல்லாம் சேர்ந்து வந்தா வேகமா வந்த தண்ணி ஒரே மூச்சுல கொட்டிட்டுப் போன மணல்னு சொல்லலாம். இதுல பொண்ணு ஒருத்தி மணலுக்கு நேர் அடியில இருந்து ஒரு ஷாம்பு சாஷே எடுத்தா, ஐம்பது பைசா விலை அச்சடிச்சது. மணல் விழுந்தது அந்த சாஷே குப்பைக்குப் போன பிறகுதான், அது உறுதி. அதுக்கு அப்புறம் எப்பன்னு சாஷே சொல்லாது, 2017 ஒக்கி புயல் மணலா இருக்கக்கூடாதான்னு அவளே கேட்டா. ஒக்கி தண்ணி உப்பளம் வரைக்கும் வரலன்னு உப்பள வேலைக்காரங்க மூணு பேரு தனித்தனியா சொன்னதாலயும், புயல் மணல் பொதுவா கரையை ஒட்டி பல மெல்லிசு வரியாத்தான் சேரும்ங்கறதாலயும் 2004ன்னு எழுத ஒத்துக்கிட்டோம்.

கறுப்பு அடுக்கு

பிரச்சனை மூணாவது குழியில. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல, ஒரு ஆள் இடுப்பாழத்துல, கறுப்பும் வெள்ளையுமா வேட்டிக்கரை போட்ட மாதிரி ஒரு பட்டை. கடலோர ஊர்ப் பையன் குழிக்குள்ள இறங்கி நின்னுட்டு மேல வரவே மாட்டேன்னுட்டான். "சாரே, இது பழைய சுனாமிதான்." 1881ல கார் நிக்கோபார் பக்கம் வந்த நிலநடுக்கத்தோட சின்ன சுனாமியை சென்னையில இருந்த ஓதமானி பதிவு பண்ணியிருக்கு, 1883ல கிராகடோவா வெடிச்ச அலையும் இந்தியாவுக்கு வந்துச்சு, அதுல ஒண்ணா இருக்கும், இல்லன்னா அதைவிடப் பழசுன்னு அவன் வாதம். நல்லாப் படிச்சுட்டுத்தான் பேசினான்.

சார் உடனே மறுக்கல, என்னென்ன பார்த்தா இது சுனாமி இல்லன்னு தெரியும்னு அவன்கிட்டயே கேட்டாரு. எனக்கு அந்த முழு ப்ராஜெக்ட்லயும் பிடிச்ச இடம் இதுதான்.

பழைய ஹார்ட் டிஸ்க்குல இருந்து கழட்டின காந்தத்தை பாலிதீன் கவர்ல சுத்தி, காய வச்ச மணல் மேல காட்டினாங்க. கறுப்பு மணியில பெரும்பங்கு ஏறி ஒட்டிக்கிச்சு, இல்மனைட்ங்கற கனமான தாது. இடையில சிவப்பா கார்னெட்ங்கற இன்னொரு தாது. மணவாளக்குறிச்சியில தோண்டி எடுக்கறாங்களே, அதே சரக்குதான். நம்ம கரையில இது எப்படி சேருதுன்னு பார்க்க சுனாமி தேவையில்ல, ஒவ்வொரு மழைக்காலத்துலயும் அலை அடிச்சு அடிச்சு லேசான குவார்ட்ஸ் (வெள்ளை மணல்) மணியை இழுத்துட்டுப் போயிரும், கனமான இல்மனைட் கரையிலயே தங்கிரும். சுனாமியும் கனமான மணியை அடியில விட்டுட்டுப் போகலாம். ஆக கறுப்பா இருக்குங்கறது ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி இல்ல.

அதனால குழியை ரெண்டு திசையிலயும் நீட்டினாங்க, கடல் பக்கமும் நிலத்துப் பக்கமும். தோண்டத் தோண்ட தண்ணி ஊறி சுவர் சரிஞ்சுட்டே இருந்துச்சு, டிசம்பர் லீவுல போனதோட பலன். பட்டை கடலைப் பார்த்து சரிஞ்சு இறங்குது, கடல் பக்கம் தடிக்குது, நிலத்துப் பக்கம் கொஞ்ச தூரத்துலயே காணாமப் போகுது, வரிகள் எண்ண முடியாத அளவுக்கு இருக்கு, கீழ அரிச்ச அடையாளம் இல்ல. உப்பளத்துக் குழியில அதே ஆழத்துல கம்பி விட்டுப் பார்த்தா வெறும் சேறு. சுனாமி மணல்னா போர்வையா நிலத்தைப் பார்த்து மெலிஞ்சுட்டே போகணும், இது ஒரு காலத்துல அங்க இருந்த கடற்கரையோட சரிவு. அதாவது கரை அப்போ இன்னும் உள்ள இருந்திருக்கு.

பையன் விடல. வயசு கண்டுபிடிச்சா தெரிஞ்சுரும்லன்னான். மணல் மணி கடைசியா வெளிச்சம் பார்த்து எவ்வளவு காலம் ஆச்சுன்னு அளக்கற முறை இருக்கு, சுத்தி இருக்கற மண்ணோட கதிர்வீச்சை மணி சேத்து வச்சுக்கும், லேப்ல அதை வெளிய எடுத்து அளப்பாங்க. ஆனா நம்ம கறுப்பு மணல்ல மோனசைட்ங்கற தாது இருக்கு, அதுல கதிர்வீச்சு விடற தோரியம், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் கதிர்வீச்சு கூடக்குறைய இருக்கும், அந்த இடத்துலயே கருவி வச்சு அளக்காம வயசு சொன்னா தப்பாப் போகும்னு சார் சொன்னாரு. போதாக்குறைக்கு நாங்க மாதிரி எடுத்தது வெள்ளை பிவிசி பைப்புல, வெளிச்சம் உள்ள போயிருக்கும்.

எடுத்த முடிவு

ரிப்போர்ட்ல என்ன எழுதறதுன்னு ரெண்டு பேச்சு வந்துச்சு. பழைய சுனாமியா இருக்க வாய்ப்புன்னு ஒரு வரி போட்டா கருத்தரங்குல வைக்கற போஸ்டருக்கு கூட்டம் வரும், எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். சார் சொன்ன காரணம் வேற மாதிரி இருந்துச்சு, அந்த ஒரு வரி நாளைக்கு யாராவது எடுத்து இந்த ஊருக்கு இத்தனை வருஷத்துக்கு ஒருக்கா சுனாமி வரும்னு கணக்கு போடுவாங்க, ஊர்க்காரங்க நிலம் விக்கறது, வீடு கட்டறது வரைக்கும் போகும். கடைசியில பழைய கடற்கரைச் சரிவுன்னும், 2004க்கு முந்தின சுனாமி மணல் இந்தக் குழிகள்ல கிடைக்கலன்னும் எழுதினாங்க. கிடைக்கலன்னா வரலன்னு அர்த்தம் இல்லன்னு பையன் கேட்டு ஒரு வரி சேர்த்தான், அது சரியான வரி. ஒரு கரையில மூணு குழியை வச்சு நிலநடுக்கத்தோட அளவும் சொல்ல முடியாது, தாய்லாந்து, ஆச்சே, நிக்கோபார், இலங்கைன்னு பல கரையில கிடைச்ச உயரத்தையும் மணலையும் சேர்த்து, எவ்வளவு நீள உடைப்பு வந்தா இதெல்லாம் ஒத்துப்போகும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வாங்க. நம்மளோடது அதுல ஒரு புள்ளி.

அப்புறம் நடந்தது

காலேஜ் கருத்தரங்குல போஸ்டர் வச்சப்போ வெளியூர்ல இருந்து வந்த ஒரு ஆய்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, தண்ணி நின்ன கோட்டையும் மணல் நின்ன கோட்டையும் ஒரே மேப்புல போட்டுப் பார்த்தீங்களா. போடல. திரும்ப வந்து போட்டப்போ மணல் உப்பளத்துலயே முடிஞ்சு போகுது, பாட்டி வீடு அதுக்கும் உள்ள தள்ளி இருக்கு, அங்க தண்ணி வந்துச்சு ஆனா மணல் இல்ல, வெறும் சகதி. 2011ல ஜப்பான்ல சென்டாய் சமவெளியிலயும் இப்படித்தான், தண்ணி எட்டின தூரத்துக்கு ரொம்ப முன்னாடியே மணல் நின்னுபோச்சு. இது சின்ன விஷயம் இல்ல. அதே சமவெளியில 869ல வந்த ஜோகன் சுனாமியோட மணலை 2011க்கு முன்னாடியே ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சு, கடல் கிலோமீட்டர் கணக்குல உள்ள வந்திருக்குன்னு எழுதியும் வச்சிருந்தாங்க. தடுப்பு ஏற்பாடு அந்த வேகத்துக்கு மாறல. மணல் காட்டற தூரமே குறைச்சல் கணக்கு, அதையும் காதுல போட்டுக்கல.

ரெண்டு கோடும் போட்ட மேப்பை ஊர்ல குடுத்தோம். நூலகச் சுவத்துல தண்ணி மட்டத்துக்கு ஒரு கோடு வரையலாம்னு பசங்க கேட்டாங்க, இளைஞர்களுக்கு சரி, ஆனா பாட்டி உள்பட சில பேரு வேண்டாம்னுட்டாங்க, "டெய்லி அதைப் பாத்துட்டு நான் பால் வாங்கப் போணுமா மக்களே?" வரையல. மேப்புல வேற ஒண்ணு வெளிச்சத்துக்கு வந்துச்சு, சுனாமி ஒத்திகையில எல்லாரும் ஓடற தார் ரோடு காயலை ஒட்டிப் போகுது, அந்த ரோடுதான் ஊர்லயே தாழ்வு, 2004ல தண்ணி முதல்ல அது வழியாத்தான் உள்ள வந்திருக்கு. அடுத்த ஒத்திகையில தோப்புக்கு நடுவுல போற சந்து வழியா ஓடினாங்க.

இனி செய்யறவங்க மாத்த வேண்டியது

டிசம்பர்ல போகாதீங்க, வடகிழக்கு மழைத் தண்ணி குழிக்குள்ள ஊறும், பிப்ரவரி மார்ச்ல போங்க. தென்னந்தோப்புல தோண்டி நேரத்தை விடாம நேரா உப்பளம், காயலோரம், தண்ணி தேங்கற பள்ளம்னு போங்க. வயசு பாக்கற எண்ணம் இருந்தா இரும்புப் பைப், ரெண்டு முனையும் கறுப்பு டேப். கறுப்பு மணலைப் பார்த்தா முதல்ல குழியைக் கடல் பக்கம் நீட்டிப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க. ஊர்ல பேசறவங்க அன்னிக்கு எங்க இருந்தாங்கன்னு முதல் கேள்வியாக் கேளுங்க, நாங்க அதைப் பாதியில இருந்துதான் கேக்க ஆரம்பிச்சோம். முடிஞ்சா கொத்தனாரையும் டியூப்பையும் முதல் நாளே ஏற்பாடு பண்ணி வச்சுக்கோங்க, அவருக்கு அன்னிக்குக் கூலியும் குடுங்க.

கறுப்பு அடுக்கைத் திரும்பத் தோண்டி சரியான பைப்புல மாதிரி எடுக்கறதா அந்தக் கடலோர ஊர்ப் பையன் இப்போ தன்னோட ஆராய்ச்சிப் படிப்புக்கு எழுதிக் குடுத்திருக்கான்.